வெள்ளித்தடிக்காரன் கொடுத்த அர்ஜி

எழுதும். மேலே போடவேண்டிய சலாம், தெண்டனிட்டு விண்ணப்பம் எல்லாம் நீரே போட்டுக்கொள்ளும். அர்ஜி எழுதிப் பிழைக்கிறவர், உமக்கு அது தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் வெள்ளித்தடி திரும்ப என் கைக்கு வரவேண்டும். இங்கிலீஷ்துரை வீட்டு வாசலில் நான் நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

பெயர் தாண்டவராயன். வயசு அறுபத்திரண்டு. அறுபது என்று போடும். தொழில் கட்டியம்.

என்ன ஓய் முழிக்கிறீர்? சென்னப்பட்டணத்துக்காரர் என்றால் கட்டியம் தெரியாதா? பெரியவர் ஒருவர் வருகிறார். அவருக்கு முன்னால் வெள்ளித்தடியோடு ஒருவன் நடந்து, அவருடைய பட்டங்களையெல்லாம் உரக்கச் சொல்லி, 'பராக், பராக்' என்று கூட்டத்தை விலக்குவான். அவன் நான். இந்தப் புதுச்சேரியில், பிராஞ்சுக்காரர் கவர்னர் வீட்டில், முப்பத்தோரு வருஷம். எனக்கு முன்னால் என் தகப்பன். எந்தக் கவர்னர் என்று கேட்காதீர். கவர்னர்கள் வருவார்கள், போவார்கள். தடி நின்றது.

இப்போது பிராஞ்சுக்காரர் போய் இங்கிலீஷ்காரர் வந்தாயிற்று. சரி, வரட்டும். எவன் வந்தால் எனக்கென்ன? ஆனால் என்னை வேண்டாம் என்கிறார்கள். நான் சபைக்காரன் என்று எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். சபைக்காரனுக்கு வேலை இல்லையாம். ஆகையால் முதல் வரியிலேயே போடும். தாண்டவராயன் சபைக்காரன் அல்ல. ஒருநாளும் அல்ல.

என்ன சாட்சி என்கிறீர். சொல்கிறேன். அவசரப்படாதீர். அவசரம் எனக்குத்தான் இருக்கவேண்டும்.

முதலில் என் தொழிலைத் தெரிந்துகொள்ளும். கட்டியம் சொல்வது ஊளையிடுவது அல்ல. மூச்சு. கவர்னருக்கு மூன்று மூச்சு. முதல் மூச்சில் குலம், இரண்டாவதில் ஜெயித்த சண்டை, மூன்றாவதில் அவருடைய ராசா கொடுத்த பட்டம். துபாசிக்கு இரண்டு. பெரிய செட்டிமாருக்கு ஒன்று. அதற்குக் கீழே எவனாவது வந்தால் தடியால் தரையில் ஒரு தட்டு. உள்ளே இருக்கிறவர் எழுந்து நிற்பதா, தலையை அசைப்பதா, பார்க்காததுபோல் இருப்பதா, எல்லாம் என் மூச்சைக் கேட்டுத்தான். ஒருவன் எவ்வளவு பெரியவன் என்பது அவனுக்கே என் வாயால்தான் தெரியும்.

கவர்னருக்கு என் பெயர் தெரியுமா? இது என்ன கேள்வி? தெரியாது. எதற்குத் தெரியவேண்டும்? கைதட்டுவார். இரண்டு தட்டு தட்டினால் பல்லக்குக்காரன். மூன்று தட்டினால் நான். முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள் தட்டு மாறினதில்லை. அப்பேர்ப்பட்ட இடம். அதை எழுதும்.

பிறகு பீடை வந்தது. கப்பலில் வந்தது. மோரீசுத் தீவிலிருந்து வந்த கப்பல், ஒரு பெட்டி நிறைய மூன்று நிற நாடா. பிராஞ்சு தேசத்தில் குடிகள் கூடி ராசாவை இறக்கிவிட்டார்களாம். பட்டமெல்லாம் ரத்தாம். பிரபுவும் இல்லையாம், அடிமையும் இல்லையாம். யாரோ வீட்டுக்குள் உட்கார்ந்து புத்தகம் எழுதினார்களாம், அதைப் படித்து ஊரே எழும்பிற்றாம். புத்தகம் படித்து எவன் ஓய் எழும்புவான்? எனக்குப் படித்தால் தூக்கம்தான் வரும் என்று கேள்வி. நான் படித்ததில்லை.

இங்கேயும் வெள்ளைக்காரரில் பாதிப்பேர் அந்த நாடாவைத் தொப்பியில் குத்திக்கொண்டார்கள். சாராயக்கடை வைத்திருந்தவன், கப்பலில் தச்சுவேலை செய்தவன், கோட்டைச் சிப்பாய், எல்லாரும் சேர்ந்து ஒரு சபை கூட்டினார்கள். கவர்னர் மெலிந்துபோனார். பிறகு கப்பலேறிப் போனார். போகிற அன்று மூன்று தட்டுத் தட்டுவார் என்று வாசலிலேயே நின்றேன். தட்டவில்லை. அவசரம், பாவம்.

அதை எழுதவேண்டாம்.

சபைக்குத் துபாசியாக வந்தவன் பெலவேந்திரன். இவனைத்தான் நீர் நன்றாகக் கவனிக்கவேண்டும். கவர்னர் லாயத்தில் குதிரைகளுக்குப் புல் போடுகிற அந்தோணியின் மகன். சேரிக்காரன். சாமியார்மார் பள்ளிக்கூடத்தில் பிராஞ்சுப் பேச்சு படித்துவிட்டான். முந்தின வருஷம்வரை என்னைத் தெருக்கோடியில் பார்த்தாலே தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'சாமி' என்று ஓரமாய் ஒதுங்கினவன். அவன் வந்தான். தொப்பி. நாடா. காலில் செருப்பு. கவர்னர் வீட்டுக் கூடத்துக்குள் செருப்பு!

"தாண்டவராயரே, உட்காரும்" என்றான்.

"என்னை உட்காரச் சொல்ல நீ யாரடா?"

"உம்மைப்போல ஒருவன். அதனால் சொல்கிறேன். நிற்பதானால் நில்லும். அதுவும் உம் இஷ்டம்தான்."

நான் நின்றேன். விடுவேனா? அவனும் உட்காரவில்லை. இரண்டு பேரும் நடுக்கூடத்தில் பனைமரம்போல நின்றோம்.

"பிறக்கும்போது எவனாவது பட்டத்தோடு பிறக்கிறானா? புத்திக்கு ஒத்தால் ஒத்துக்கொள்ளும், ஒவ்வாவிட்டால் விடும்" என்றான்.

"நான் கட்டியத்தோடு பிறந்தவன். என் தாய் வலியில் கிடக்கும்போதே என் தகப்பன் வாசலில் நின்று மூன்று மூச்சுக் கட்டியம் சொன்னான்."

"உம் பெயரையா சொன்னார்?"

"இல்லை. கவர்னர் பெயரை. என் காதில் முதலில் அது விழட்டும் என்று."

சிரித்தான் ஓய். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீர் ஏன் சிரிக்கிறீர்?

சிரித்துவிட்டு, "ஊரையெல்லாம் கூப்பிடுகிறீரே, உம்மை எவராவது கூப்பிட்டதுண்டா?" என்று கேட்டான். கூப்பிடுகிறவனை எவன் கூப்பிடுவான்? மூடன் கேள்வி.

என்னை அன்றே துரத்துவான் என்று நினைத்தேன். துரத்தவில்லை. சபை கூடும்போது வாசலில் நில்லும் என்றான். வருகிறவர் பெயரைச் சொல்லும், பெயருக்கு முன்னால் ஒரே சொல் போதும் என்றான். சித்துவாயேன். பிராஞ்சுச் சொல். ஊருக்கு உரியவன், ஒருவனுக்கு மேல் ஒருவன் இல்லை என்று அர்த்தமாம். எல்லாருக்கும் அதே சொல், அதே நீளம். தடியையும் என்னிடமே விட்டான். ஏன் விட்டான்? இரக்கமா? எனக்கு இவன் இரக்கமா? அப்போதே எனக்கு எரிந்தது.

சரி, கூப்பிட்டேன். சொல் ஒன்றுதான். ஆனால் என் மூச்சு இருக்கிறதே, அது முப்பத்தோரு வருஷம் பழகின மூச்சு. சபைத் தலைவர் வந்தால் தானாக மூன்று வந்தது. சி...த்து...வா...யேன் என்று கூடம் முழுக்க ஓடி, மூலையில் போய் நின்று, திரும்பி வரும். நல்லண்ண செட்டியார் வந்தால் ஒன்றரை. கப்பல் தச்சன் வந்தால் 'சித்வான்' என்று ஒரு வெட்டு. நான் வேண்டுமென்று செய்யவில்லை. சரி, கொஞ்சம் வேண்டுமென்றும் செய்தேன்.

பத்து நாளில் செட்டியார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு வாழைத்தார், ஒரு சோமன் வேட்டி.

"தாண்டவா, நேற்று எனக்கு வந்த சித்துவாயேன் சற்றுக் குட்டையாய் இருந்ததே."

"இல்லையே, செட்டியாரே."

"இருந்தது. அந்தக் குமரப்ப முதலிக்கு இழுத்தாய். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒருவனும் திரும்பவில்லை."

மறுநாள் இரண்டு மூச்சு கொடுத்தேன். உடனே முதலி வந்தார், பலாப்பழத்தோடு. அவருக்கு இரண்டேகால். செட்டியார் நாடாவைப் பெரிதாய்த் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். முதலி அதைவிடப் பெரிதாய். எல்லாரும் ஒன்று என்று உள்ளே வெள்ளைக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். வாசலில் யாருக்கு நீளம் என்று இவர்களுக்குள் கைகலப்பு. எனக்கு அந்த மாதம் நல்ல மாதம். பழைய மரியாதையெல்லாம் வேறு வாசல் வழியாய்த் திரும்பி வந்தது.

பெலவேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் போகுமா? பலாப்பழ வாசனை தெருவெல்லாம் அடித்தது. வந்தான். வைவான் என்று பார்த்தேன். வையவில்லை.

"அந்தச் சொல்லை அளந்தால் அது செத்துப்போகும், தாண்டவராயரே. வாரும், பழகுவோம்."

பழகுவதாம்! எனக்கு! மூன்று நாள் காலையில் கூடத்தில் நிறுத்தினான். அவனே வாசல் வழியாய் வருவான். ஒருமுறை சபைத் தலைவர்போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு. ஒருமுறை செட்டியார்போல அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு. ஒருமுறை அவன் அப்பன் அந்தோணிபோல முதுகைக் கூனிக்கொண்டு. நடிப்பில் கெட்டிக்காரன், அதை மறுக்கவில்லை. நான் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் கூப்பிடவேண்டும். மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஒரே அளவு, நூல் பிடித்ததுபோல. எனக்கு வராத வித்தை உண்டா?

பிறகு பிரமாணம் எடுத்த நாள். கடற்கரை மைதானத்தில் ஒரு பாய்மரக்கம்பம் நட்டு, உச்சியில் சிவப்புக் குல்லாய் மாட்டி, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொருவராய்க் கூப்பிடவேண்டும். கூப்பிட்டவன் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து கையைத் தூக்கி, சபைக்கு உண்மையாய் இருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். பெலவேந்திரன் மேசையில் உட்கார்ந்து புத்தகத்தில் பெயர் எழுதினான். அறுபத்திரண்டு பெயர்.

தொடங்குவதற்கு முன்னால் அவன் எழுந்தான். என் பக்கம் திரும்பினான். "சித்துவாயேன் தாண்டவராயன்" என்று கூப்பிட்டான். ஊர் முன்னால். ஒரு மூச்சு. சரியான அளவு.

அதற்கு நான் என்ன செய்ய? கால் தானாய்ப் போயிற்று. கையும் தானாய் எழுந்தது. வாய் என்னவோ சொல்லிற்று. அவன் பெயரை எழுதி, மசி காய ஊதினான். அறுபத்து மூன்று.

கண்ணில் மணல் விழுந்தது. கடற்கரை அல்லவா.

நிறுத்தும்! இதை எழுதிவிட்டீரா? அடியும். நன்றாய் அடியும். அடியில் தெரிகிறது பாரும், இன்னும் மசி போடும்.

பிறகு நான் கூப்பிடத் தொடங்கினேன். தலைவர், சாராயக்கடைக்காரன், செட்டியார், முதலி. ஒரே அளவு. செட்டியார் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். போய்த்தொலையட்டும் என்று அவருக்கும் அதே அளவு. அறுபத்தோரு பெயர் முடிந்தது. கடைசிப் பெயர் அந்தோணி.

கிழவன் கயிற்றுக்கு வெளியே நின்றான். வெளுத்த வேட்டி. இரவல் சட்டை. கூப்பிட்டால்தான் உள்ளே வரவேண்டும் என்று மகன் சொல்லிவைத்திருக்கிறான். வலதுகாலைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டு தயாராய் நின்றான்.

நான் கூப்பிடவில்லை.

தடியால் தட்டவும் இல்லை. தட்டினால் அதுவும் ஒரு மரியாதை. என் தகப்பன் வாய் வழியாய் வந்த கட்டியம் ஓய். அதைக் கொண்டுபோய்ப் புல்லுக்கட்டு சுமக்கிறவன் காலடியில் போடுவேனா? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. செட்டியார் இருமினார். வெயில் ஏறிற்று. கிழவன் முன்வைத்த காலை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

பெலவேந்திரன் மேசையைவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, கூப்பிடும்."

"மாட்டேன்."

"மூன்று நாள் பழகினோமே."

"அது பழக்கம். இது அந்தோணி."

"சற்று முன்னால் உம்மை நான் கூப்பிட்டேனே, அண்ணே."

"நான் கேட்டேனா?"

என்னைப் பார்த்தான். திரும்பி நின்று அவனே கூப்பிட்டான். தொண்டை பழகாத தொண்டை. நடுவில் உடைந்தது. ஆனால் விடவில்லை. இழுத்தான், இழுத்தான், மூச்சு எடுத்து மறுபடி இழுத்தான். எண்ணினேன். நாலு மூச்சு! கவர்னருக்கே மூன்றுதான் ஓய்! எல்லாரும் ஒன்று, அளந்தால் செத்துப்போகும் என்றவன், தன் அப்பன் என்றதும் நாலு. இதுதான் அவர்கள் நியாயம். இதைப் பெரிய எழுத்தில் எழுதும்.

கிழவன் உள்ளே நடந்து வந்தான். செட்டியார் நாடாவைப் பிய்த்து மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனார். முதலியும் போனார். பின்னாலேயே பத்தொன்பது பேர். மிச்சம் நின்றவர்கள் நாற்பத்தொருவர். சபை உடைந்தது அன்றுதான். என்னால் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறக்காதவனால் என்ன உடையும்?

அடுத்து இங்கிலீஷ்காரர் வந்தது உமக்கே தெரியும். முற்றுகை. குண்டு. கோட்டை விழுந்தது. சபைக்காரர் எவரெவர் என்று கர்னல் கேட்டார். புத்தகம் இல்லை, பெலவேந்திரன் எரித்துவிட்டான். பெயரெல்லாம் எவனுக்குத் தெரியும் என்று கேட்டபோது செட்டியார் என்னைக் கைகாட்டினார்.

கோட்டைவாசலில் என்னை நிறுத்தினார்கள். பிடிபட்டவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் கும்பலாய். கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டேன். என் தொழில் அது. நாற்பத்தொரு பெயரும் மனப்பாடம், வரிசை பிசகவில்லை. பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லையும் போட்டேன், அதில்லாமல் எனக்கு அந்த வரிசை வராது. ஒவ்வொருவனாய் வெளியே வந்து, கட்டுகிற கயிற்றுக்குக் கை நீட்டினான். எல்லாருக்கும் ஒரே அளவு, ஓய். தலைவருக்கும் அதே, தச்சனுக்கும் அதே. அப்படி நான் என் ஆயுசில் கூப்பிட்டதில்லை. கர்னல்கூடத் தலையை ஆட்டினார். பெலவேந்திரனைக் கூப்பிட்டேன். வந்தான்.

கடைசியில் அந்தோணி. அன்று கூப்பிட்டேன். ஆமாம், கூப்பிட்டேன். சித்துவாயேன் அந்தோணி. ஒரு மூச்சு, குறையவில்லை.

ஒருவரும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன்.

"அவர் வரமாட்டார்" என்றான் பெலவேந்திரன். "லாயத்தில் குண்டு விழுந்த அன்றே போய்விட்டார்."

எனக்கு எப்படித் தெரியும்? எவனாவது சொன்னானா? சொல்லியிருந்தால் அந்தப் பெயரை விட்டிருப்பேன். வீணாய் இரண்டு மூச்சு.

கர்னல் அவனைப் பார்த்துக் கேட்டார். புத்தகம் எழுதினவன் நீ, இவன் எந்தப் பெயரையாவது விட்டானா என்று. அவன் என்னைப் பார்த்தான். அறுபத்து மூன்றாவது பெயர் அவன் கையால் எழுதினது. மசி காய ஊதினது. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். வயசு.

"விடவில்லை" என்றான். "கூப்பிட்ட இவர் சபைக்காரர் அல்ல. வாசலில் நின்றவர். அவ்வளவுதான்."

கப்பலேற்றிவிட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தடியை ஒரு சிப்பாய் வாங்கிப் பார்த்தான். திருப்பித் தரவில்லை.

எவ்வளவு திமிர் பாரும்! ஊர் முன்னால் கூப்பிட்டு, எழுதி, பிறகு இல்லையாம். பொய்யன். அவன் அப்பனுக்கு நாலு மூச்சு, என்னை அடியோடு இல்லை என்றாக்கிவிட்டான். நான் அவனிடம் கேட்டேனா? எதற்கு ஓய் இல்லையென்றான்? நானாய் இருந்தால் சொல்லியிருப்பேன். கர்னல் கேட்ட மறுகணம் சொல்லியிருப்பேன். இன்றுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை, அந்தப் பொய்யை நினைத்தால்.

இதுதான் சாட்சி. பெலவேந்திரன் வாக்கு. கர்னல் காதால் கேட்டது. எழுதும்.

போதாதா? ஏன்?

கர்னல் ஊருக்குப் போய்விட்டாரா. சரி. அப்படியானால் சாட்சி எப்பேர்ப்பட்டவன் என்று எழுதவேண்டுமா. லாயக்காரன் மகன் என்று எழுதினால் துரை காகிதத்தைக் கீழே வைத்துவிடுவார், சபைத் துபாசி என்று எழுதினால் கிழித்துவிடுவார் என்கிறீர். வேறு என்னதான் எழுதச் சொல்கிறீர்? பட்டமா? அவனுக்கா? என் வாயாலா?

அவன் சொன்னது பொய் என்றால் நான் சபைக்காரன். கப்பல்தான். பொய் இல்லை என்றால்...

சற்று இரும். யோசிக்கவிடும்.

சரி. எழுதும். 'மேற்படி பெலவேந்திரன் யோக்கியன். ஒருநாளும் பொய் சொல்லாதவன்.' என் பெயரால் எழுதும். கைநாட்டு வைக்கிறேன்.

ஏன் என் முகத்தைப் பார்க்கிறீர்? காகிதத்தைப் பாரும். எழுதும் ஓய். எனக்கு வேலை வேண்டும்.